ராக்காயியின் கான்வாஸ் பாடி

ராக்காயி ஓடும்போது அவளுடைய காலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்த்திருந்தால் ஈப்போ வட்டாரத்தில் அப்படி ஒரு கால் இல்லை என்று தெரிந்திருக்கும். வேலியோரம் சாய்ந்து நின்ற ஆண்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவர்களுடைய கண் அவள் மார்பில் ஒட்டிக்கொண்டு, அவள் சுற்றி வரும் பக்கமெல்லாம் சுற்றி வந்தது. ஒருவன் விசில் அடிப்பான். இன்னொருவன், “அண்ணே, பூமி அதிருதுண்ணே” என்பான். இந்த நகைச்சுவையை ஆண்டுதோறும் எவனாவது ஒருவன் புதிதாகக் கண்டுபிடிப்பான். மற்றவர்கள் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பார்கள்.

அவளுக்கு வலிக்கும் என்பது அவர்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. ஒவ்வோர் அடிக்கும் மார்பு ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். இறங்கும்போது தோள்பட்டையில் யாரோ சதையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். ஓடி முடித்து இரண்டு நாள்வரை சட்டைத் துணி உரசினாலே எரியும். 1982-ஆம் ஆண்டு, தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த ஓட்டப் போட்டியில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில், கடைசிச் சுற்று தொடங்கும்வரை அவள்தான் முன்னால். பின்னால் வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். அன்றைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாடி போட்டிருந்தாள். கடைசி வளைவில் ஒன்றின் பட்டை அறுந்தது. பத்தடி போவதற்குள் மற்றதும் அறுந்தது. ராக்காயி இரண்டு கையாலும் மார்பை அணைத்துக்கொண்டு ஓடினாள். கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவளை யார் வேண்டுமானாலும் முந்தலாம். மூன்று பேர் முந்தினார்கள்.

அவள் கோட்டைத் தாண்டியதும், தொழிற்சாலை விளையாட்டு மன்றத்தின் செயலாளர் பழனியப்பன் கழுத்தில் விசில் ஆட ஓடிவந்தார்.

“என்னா ராக்காயி, கைய வீசி ஓடணும்னுகூடவா தெரியாது?”

பழனியப்பன் தம் வாழ்நாளில் ஓடியது ஒரே ஒரு தடவை. புந்தோங் கோயில் பின்புறம் ஒரு நாய் அவரைத் துரத்தியது. அப்போதும் அவர் கையை வீசவில்லை, வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். ராக்காயி அதைத் தன் கண்ணால் பார்த்தவள். ஆனால் கையைக் கீழே இறக்க முடியாமல் நிற்கிறவளுக்கு வாய்ப்பேச்சு வராது.

அவள் பிறந்தது பத்து காஜா ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். நினைவு தெரியும் முன்பே தகப்பன் போய்விட்டார். தாய் முத்தம்மா பால்மரம் வெட்டிப் பால் வடித்தாள். பள்ளிக்கூடம் மூன்று கல் தொலைவு. மற்றப் பிள்ளைகள் நடந்துபோய்த் தாமதமாக வந்து அடி வாங்கினார்கள். ராக்காயி ஓடிப்போய் அடி வாங்காமல் தப்பித்தாள். அவளுடைய ஓட்டம் தொடங்கியது அப்படித்தான். அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பரிசாக மங்குத் தட்டு வாங்கினாள். பதின்மூன்றாம் வயதில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முத்தம்மாவைக் கூப்பிட்டு, “புள்ள பெரிசாயிருச்சு, இனி ஓட விடாத, பார்க்க நல்லால்ல” என்றார். நல்லாயில்லை என்று சொன்னவர் நான்கு ஆண்டுகளாக முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்தான். வீட்டில் மங்குத் தட்டு நான்கோடு நின்றுபோனது.

பிறகு தோட்ட முதலாளிகள் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். பனைக்கு இத்தனை கை வேண்டாம் என்றார்கள். 1975-இல் தாயும் மகளும் புந்தோங்கில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். முத்தம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்தாள். ராக்காயி சப்பாத்துத் தொழிற்சாலைக்குப் போனாள். நாட்டில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து அங்கேதான் தயாரானது. அவளுக்குக் கிடைத்தது பசைக்கூடம். கான்வாஸ் மேல்பாகத்தையும் ரப்பர் அடிப்பாகத்தையும் பசை தடவி ஒட்டும் இடம். ஜன்னல் இருந்தது, திறக்காது.

எட்டு ஆண்டுகளில் அந்தப் பசை அவள் மூக்கைத் தின்றுவிட்டது. முதலில் தலைவலி. பிறகு மூக்கில் ரத்தம். பிறகு ஒருநாள் முத்தம்மா அடுப்பில் கருவாட்டுக் குழம்பைத் தீய விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். ராக்காயி அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“மூக்கு இருக்கா, இல்ல அடகு வெச்சிட்டியா?” என்று கத்திக்கொண்டே வந்த முத்தம்மா, மகளுடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

1983 மார்ச்சில் சரக்கறைக் குமாஸ்தா கல்யாணமாகி பாரிட் புந்தாருக்குப் போய்விட்டாள். சரக்கறை பசைக்கூடத்திலிருந்து நூறு கெஜம் தள்ளி, மின்விசிறியும் திறக்கிற ஜன்னலும் உள்ள இடம். அந்த மேசைக்கு ஆள் வேண்டும். முதலாளி சீனர், எல்லோரும் அவரைத் தவுக்கே என்பார்கள். போன ஆண்டுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது டயர்த் தொழிற்சாலை. அதன் முதலாளி விருந்துகளில் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாராம். தவுக்கே பழனியப்பனைக் கூப்பிட்டு, இந்த ஆண்டு ஆயிரத்து ஐந்நூறில் கோப்பை கொண்டு வருகிறவளுக்கே அந்த மேசை என்று சொல்லிவிட்டார். ஆள் எடுக்க இது ஒரு வழியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அங்கே இல்லை.

ஆகஸ்டில் போட்டி. கையை வீசி ஓடினால் மேசை. கையைக் கட்டிக்கொண்டு ஓடினால் சாகும்வரை பசை. ராக்காயி கணக்கை இவ்வளவு சுருக்கமாகத்தான் போட்டாள். பிடித்து நிறுத்துகிற ஒரு பாடி வேண்டும்.

முதலில் ஜஹாங்கீரின் துணிக்கடைக்குப் போனாள். அந்தக் கடையில் பெண்கள் பாடி வாங்குவதற்கென்று ஒரு முறை இருந்தது. கடை காலியாகும்வரை சேலை பார்ப்பதுபோல் நிற்க வேண்டும். பிறகு மோவாயால் அலமாரியின் மேல்தட்டைக் காட்ட வேண்டும். ஜஹாங்கீர் வாடிக்கையாளரின் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் ஒரு பார்வை பார்த்து, ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். வாயைத் திறக்காமலே வியாபாரம் முடியும். ராக்காயிக்கு அதற்குப் பொறுமையில்லை.

“பாய், பாடி வேணும். ஓடுறதுக்கு.”

ஜஹாங்கீர் முழக்கோலைக் கீழே வைத்தார். “எங்க ஓடுறதுக்கு, தங்கச்சி?”

“மைதானத்துல.”

“ஓடுறதுக்குன்னு தனியா வர்றதில்லயே லா. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, சமையலுக்கு, எல்லாத்துக்கும் ஒரே சாமான்தான். சைஸ் என்னா?”

சொன்னாள். ஜஹாங்கீர் தலையை உயர்த்தி மாடியைப் பார்த்துக் கூவினார். “சன்னாசி! நாப்பது கெடக்கா பாரு, நாப்பது!”

மாடியில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த சன்னாசி தலையை நீட்டினார். ஐம்பது வயது மனிதர். “யாருக்கு பாய்?”

சேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்குத்தான்,” என்றாள் ராக்காயி. “எறங்கி வந்து அளந்து பாக்குறீங்களா?”

சன்னாசியின் தலை உள்ளே போய்விட்டது. ஜஹாங்கீர் முப்பத்தாறை எடுத்து வைத்தார். “இதான் பெருசு. இழுத்தா வரும், எலாஸ்டிக்குலா.” பெட்டியின்மேல் ஒரு வெள்ளைக்காரி சோபாவில் சாய்ந்திருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்கமாட்டாள். கடை முழுக்கக் கேட்கும்படி சைஸைக் கூவிய மனிதர், சாமானை மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று இரண்டு தாளில் சுற்றி நூல்போட்டுக் கட்டிக் கொடுத்தார். அது இரண்டே பயிற்சியில் கிழிந்தது.

அடுத்து ஒரு சீன எம்போரியம். அங்கே நாற்பது இருந்தது. உள்ளே கம்பியும் வைத்திருந்தார்கள். ராக்காயி போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக் குதித்தாள். இரண்டாம் குதியில் விற்பனைப் பெண் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, என்ன செய்கிறாய் என்று மலாயில் கேட்டாள்.

“குதிச்சுப் பாக்குறேன்.”

“இது குதிக்கிறதுக்கு இல்ல.”

மூன்றாம் குதியில் கம்பி துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து அக்குளில் குத்தியது. கொக்கி தெறித்துக் கண்ணாடியில் பட்டது. பெட்டிக்கு வெளியே வந்ததை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். வாங்கினாள். அந்தக் கம்பியை முத்தம்மா பிற்பாடு அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்தப் பயன்படுத்தினாள். அந்தப் பாடி செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

முத்தம்மாவிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. பழைய கைலியைக் கிழித்து மகளுடைய மார்பைச் சுற்றி இறுக்கி முதுகில் முடிச்சுப் போட்டாள். ஆடவில்லை, உண்மைதான். மூச்சும் வரவில்லை. இரண்டாம் சுற்றில் ராக்காயிக்குக் கண் இருட்டிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“மொத ஓடுறத நிறுத்து,” என்றாள் முத்தம்மா. “ஆடுறது தானா நின்னுரும்.”

“பசையிலயே கெடந்து சாவட்டுமா?”

முத்தம்மா கைலியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் முப்பது ஆண்டு வடித்த பால் கப்பலேறி உலகம் முழுக்க எலாஸ்டிக்காகப் போயிருக்கிறது. எந்தெந்த ஊர்க்காரி இடுப்பிலோ அது இழுபட்டுக்கொண்டிருக்கும். பால் வடித்தவளுடைய மகளுக்கு நாலு விரல் அகலத்தில் நல்லதாக ஒரு துண்டு ஈப்போவில் அகப்படவில்லை.

மிச்சமிருந்தது விளையாட்டு மன்றம். ஏழு பேர் கொண்ட செயற்குழு, ஏழு பேரும் ஆண்கள், அதில் ஆறு பேர் தமிழர்கள். கூட்டம் போடுவதில் மற்ற இனத்தாருக்கு அவ்வளவு ஆசையில்லை. இவர்களுக்கோ பந்து இல்லாமல்கூட விளையாட்டு நடக்கும், கூட்ட அறிக்கை இல்லாமல் நடக்காது. ராக்காயி கடிதம் கொடுத்தாள். ஓட்டக்காரப் பெண்களுக்கு நல்ல உறுதியான பாடி வெளியூரிலிருந்தாவது வரவழைத்துக் கொடுக்க வேண்டும் என்று நேராக எழுதியிருந்தாள். பழனியப்பன் அதைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கி, அந்தச் சொல் வந்ததும் இருமினார். மீண்டும் தொடங்கி மீண்டும் இருமினார். கடைசியில் கடிதத்தைக் கை மாற்றிக் கை மாற்றி ஏழு பேரும் மௌனமாகப் படித்தார்கள். படிக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிக நேரமே படித்தார்கள்.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். அறிக்கையில் அதை என்னவென்று எழுதுவது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். ‘பெண்களின் தனிப்பட்ட பொருள்’ என்று முடிவானது. அந்தப் பொருள் பற்றிய விவாதம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வாசலில் காத்திருந்த ராக்காயியிடம் பழனியப்பன் ஒரு பூப்போட்ட துண்டைக் கொடுத்தார்.

“இப்போதைக்கு இது. தோள்ல போட்டுக்கிட்டு ஓடு. பார்வைக்கு மறைவா இருக்கும்.”

“ஒங்க பார்வைக்குத்தானே அண்ணே? அப்ப நீங்க கட்டிக்குங்க. கண்ணுல.”

துண்டை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் அவள் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சக்கீனாவிடம் சொன்னாள். சக்கீனா தையல் பிரிவில் பதினோராண்டு ஆனவள். கணவனை இழந்தவள். முக்காட்டை ஊசியால் குத்திக்கொண்டு, உலகத்தில் யாரையும் மதிக்காமல், கான்வாஸ் தைக்கிற பெரிய இயந்திரத்தை ஓட்டினாள்.

“வெக்கங்கெட்ட பயலுவ,” என்றாள் சக்கீனா. “பாடி வேணும்னு எதுக்குடி கடைகடையா அலையுற? ஓடுறவளுக்குக் கால்ல என்னா மாட்டுறோம்?”

“சப்பாத்து.”

“எவ்ளோ குதிச்சாலும் கால் வெளிய வருதா?”

ராக்காயி அவளையே பார்த்தாள்.

“அதே சாமான்தான் வேணும் ஒனக்கு. கான்வாஸ், உள்துணி, எலாஸ்டிக், கயிறு. எல்லாம் என் கால்மாட்டுல கெடக்கு.”

கிடந்தது. கறைபட்ட கான்வாஸும், நுனி பிசகிய துண்டுகளும் ஒரு தொட்டியில் சேரும். சனிக்கிழமை தோறும் பின்கட்டில் எரிப்பார்கள். எரிக்கலாம், ஆனால் ஒரு நூல்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அன்றைக்கே வேலை போகும். எரிந்து புகையாகப் போனால் நட்டமில்லை, ஏழையின் உடம்பில் ஏறினால் நட்டம் என்பது அந்தத் தொழிற்சாலையின் கணக்கு.

மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் தைத்தார்கள். தைத்ததைப் பெண்கள் கழிவறையில் போட்டுப் பார்த்தார்கள். முதலாவது, கடையில் விற்பதைப் போலவே இரண்டு கிண்ணமாகத் தைத்தது. ராக்காயி கழிவறைப் படியிலிருந்து குதித்தாள். கிண்ணம் ஓரிடத்தில் நின்றது; உள்ளே இருந்தது வேறோரிடத்துக்குப் போனது.

“தப்பு என் மேலதான்,” என்றாள் சக்கீனா. “கால் வெரலுக்கெல்லாம் தனித்தனியாவா சப்பாத்து தைக்கிறோம்? ஒரே துண்டா அமுக்கிப் பிடிக்கணும்.”

இரண்டாவது அமுக்கிப் பிடித்தது, ஆனால் தோள்பட்டை அறுத்தது. சக்கீனா ராக்காயியின் தோளில் பதிந்த சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு யோசித்தாள். பாரத்தைத் தோள் தூக்கக் கூடாது, விலா எலும்புதான் தூக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போது பிடிபட்டது. மூன்றாவதில், மார்புக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குப் பட்டை வைத்தாள். கயிறில்லாத சப்பாத்தின் பக்கவாட்டில் வைக்கும் எலாஸ்டிக்கை இரண்டிரண்டாகச் சேர்த்து விலாப்பக்கம் தைத்தாள், மூச்சு வாங்க இடம் வேண்டுமே. தோள்பட்டையை அகலமாக்கி முதுகில் குறுக்கே போட்டாள். உடம்போடு படும் இடமெல்லாம் சப்பாத்தின் மெத்தென்ற உள்துணி. நடு முதுகில் பித்தளை வளையம் எட்டுச் சோடி அடித்து, வெள்ளைச் சப்பாத்துக் கயிற்றைக் கோத்து இறுக்கினாள்.

ராக்காயி குதித்தாள். பிறகு இன்னொருமுறை குதித்தாள். கழிவறையின் ஈரத் தரையில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஐம்பது எண்ணும்வரை ஓடினாள். நின்றபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“என்னாடி, குத்துதா?”

“இல்லக்கா. ஒண்ணுமே ஆவல.”

இருபத்தைந்து வயதில் முதல் தடவையாக ஒன்றுமே ஆகவில்லை. அதற்குப் போய் அழுவதா என்று சக்கீனா அவளைத் திட்டினாள்.

வெளியே கொண்டுபோவது சிரமமாக இல்லை. வாசல் காவலர் ஜாகா ராமையா, சாயங்காலம் ஒவ்வொருத்தியின் பையையும் தூக்குச்சட்டியையும் திறந்து பார்ப்பார். மீன்முள் கிடந்தால் அதையும் கிளறுவார். திருட்டு என்றால் அது பையில் இருக்கும், இல்லாவிட்டால் சட்டியில் இருக்கும். மூன்றாவது இடம் ஒன்றை அவர் மூளை ஒத்துக்கொள்ளாது. ராக்காயி கான்வாஸ் பாடியைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவரைத் தாண்டிப் போனாள்.

“என்னா ராக்காயி, இன்னிக்கு ராணுவ நட?”

“காத்தாட நடக்குறேன் அண்ணே.”

போட்டி நாள். பாடாங் மைதானத்தில் கூடாரம், ஒலிபெருக்கி, வேலியோரம் அதே கும்பல். தவுக்கே நடுநாற்காலியில். அவருக்குப் போர்த்துவதற்கென்று பழனியப்பன் ஒரு பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து கீழே வைக்காமல் திரிந்தார். ராக்காயி வெள்ளை பனியனும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக் கோட்டில் நின்றாள். துப்பாக்கி வெடித்தது.

வழக்கமான விசில் கேட்டது. வழக்கமான ஒருவன் வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டான். ராக்காயியின் இரண்டு கையும் வீசிப் போயின. டயர்த் தொழிற்சாலைக்காரி முதல் சுற்றில் பத்தடி முன்னால் போனாள். போகட்டும் என்று விட்டாள். இதுவரை ஒவ்வோர் ஓட்டத்திலும் அவள் இரண்டு பேரோடு போட்டியிட்டாள்: பக்கத்தில் ஓடுகிறவள் ஒருத்தி, தன் உடம்பு இன்னொன்று. இன்றைக்கு உடம்பு அவள் கட்சிக்கு வந்துவிட்டது. போன ஆண்டு பட்டை அறுந்த அதே வளைவில் டயர்க்காரியைத் தொட்டாள். கயிறு இழுத்தது, எலாஸ்டிக் விரிந்து மூச்சுக்கு வழிவிட்டது, வளையம் ஒன்றுகூட அசையவில்லை. நாலு எட்டு வித்தியாசத்தில் நூலை அறுத்தாள்.

பழனியப்பன் கட்டிப்பிடிக்காத குறையாக ஓடிவந்தார். அவள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பழனியப்பன் நின்றுவிட்டார். ஈரத் துணி வழியாக எட்டுச் சோடி பித்தளை வளையம் தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சப்பாத்துக் கயிறு தெரிந்தது. அதற்கெல்லாம் மேலே, வலது தோள்பட்டைக்குக் கீழே, நீல மையில் தொழிற்சாலையின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. கான்வாஸில் முத்திரை அடித்த பக்கத்தை சக்கீனா வெளிப்புறமாக வைத்துத் தைத்துவிட்டாள். பதினோராண்டாக அப்படியே தைத்த கை. சப்பாத்துக்கு முத்திரை வெளியேதானே இருக்க வேண்டும்.

“இது கம்பெனி சாமான்,” என்றார் பழனியப்பன்.

“ஆமா.”

“திருட்டு.”

“எரிக்கிற தொட்டியில கெடந்தது.”

“அது ஒனக்குத் தேவையில்லாத விசயம். சாமான் கம்பெனியோடது. திருடினவ கோப்பை வாங்கலாமான்னு கமிட்டி முடிவு பண்ணணும்.”

அப்படியே மைதானத்தில், கூடாரத்துக்குப் பின்னால், ஏழு பேரும் வட்டமாக நின்று அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.  சரக்கறையின் ஜன்னல் ராக்காயியின் கண்முன் வந்து போனது. இவர்களிடம் கெஞ்சினால் ஒத்திவைப்பார்கள். ஒத்திவைத்தால் நாளை பசைக்கூடம். அதுவும் இருக்காது, வேலையே இருக்காது.

அவள் நேரே வட்டத்துக்கு நடுவில் போய், பழனியப்பனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“சாமான் கம்பெனியோடதுதானே? எடுத்துக்குங்க. கயிறு முதுகுலதான் இருக்கு. அவுத்துக்குங்க அண்ணே.”

ஏழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

“எட்டுச் சோடி வளையம். ஒண்ணொண்ணா எண்ணி எடுத்துக்குங்க. வருசா வருசம் வேலியோரமா நின்னு பாத்தீங்க. இன்னிக்கு நானே வந்து நிக்கிறேன், ஏன் வானத்தப் பாக்குறீங்க? செயலாளர் அவுக்கட்டும். இல்ல, யாரு அவுக்கிறதுன்னு அதுக்கும் ஒரு கூட்டம் போடணுமா லா?”

பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது. ஒருவருக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. இன்னொருவரை யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அரை நிமிடத்தில் செயற்குழு முழுவதும் கலைந்து, பழனியப்பன் மட்டும் நின்றார். கூடாரத்தில் வெற்றியாளரின் பெயரை அழைத்தார்கள். முத்திரையைத் தவுக்கே பார்த்தால், இத்தனை நாள் செயலாளர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று முதல் கேள்வி தமக்குத்தான் வரும் என்பது பழனியப்பனுக்கு உறைத்தது. சட்டென்று கையிலிருந்த பொன்னாடையை விரித்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினார்.

“மரியாதை, மரியாதை. இப்படியே போயி வாங்கிக்க.”

ராக்காயி பொன்னாடையை உருவி எடுத்து அதைக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். ஜரிகை கன்னத்தைக் கீறியதே ஒழிய ஒரு சொட்டு வியர்வையை அது உறிஞ்சவில்லை. அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கோப்பையை வாங்கினாள். வாங்கியதும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். தவுக்கேயின் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் அவள் முதுகு நின்றது.

தவுக்கே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முத்திரையைப் படித்தார். தம்முடைய வளையத்தை, தம்முடைய கயிற்றைப் பார்த்தார். பிறகு டயர்த் தொழிற்சாலை முதலாளியைப் பார்த்தார். அந்த மனிதரும் அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். தவுக்கேயின் முகம் மலர்ந்தது.

“பகுஸ்!” என்றார். “கம்பெனி பேரு! பகுஸ்லா!”

நன்று என்று மலாயில் ஒரு சொல். அவர் அதை விளம்பரம் என்று நினைத்தார். வெற்றி பெற்றவளின் முதுகில் தம் பேரை எழுதி அனுப்பிய கெட்டிக்காரன் யார் என்று சுற்றிலும் பார்த்தார். பழனியப்பன் ஏற்கெனவே இரண்டடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ராக்காயி சரக்கறை மேசையில் உட்கார்ந்தாள். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வைத்தாள். மூக்கு உடனே திரும்பிவிடவில்லை. முதலில் மழை பெய்த மண் தெரிந்தது, ஐந்தாறு மாதம் கழித்துக் கருவாடு தெரிந்தது. சக்கீனா அந்த ஆண்டுக்குள் இன்னும் நான்கு பேருக்குத் தைத்துக் கொடுத்தாள். துணி எரிக்கும் தொட்டியிலிருந்துதான் போனது. ஆனால் இப்போது சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட ஒருத்தி இருந்தாள். முத்திரையை மட்டும் சக்கீனா உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். மன்றத்தின் ஆண்டறிக்கையில், பெண்களின் தனிப்பட்ட பொருள் குறித்து செயலாளர் மேற்கொண்ட அரிய முயற்சிக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் வந்தது. முன்மொழிந்தவர் வேறொருவர், வழிமொழிந்தது பழனியப்பனே.

அறிக்கை அச்சாகிய வாரம் அவர் சரக்கறைக்கு வந்தார். செயற்குழுவினருக்கு ஆளுக்கொரு சோடி சப்பாத்து இலவசமாகக் கொடுக்கத் தவுக்கே ஒத்துக்கொண்டிருந்தார். வாசலில் சரக்கு ஏற்றும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பழனியப்பனுக்குக் கால் சின்னது, பெண்பிள்ளை கால் மாதிரி. அவர் மேசைமேல் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார்.

“கேக்கல அண்ணே,” என்றாள் ராக்காயி. பிறகு வாசல்வரை கேட்கும்படி, “சைஸ் என்னா?”